அப்பாவோட 55 செல், என்னோட 3 செல்

மாதம் பிறந்தால் எனக்கு இரண்டே தேதிகள்தான். 11, 20. இரண்டும் ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாட்கள். ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவர்கள் வீட்டில் காதுகுத்து வைப்பதாக இருந்தாலும் இந்த இரண்டையும் தள்ளித்தான் நாள் குறிக்க வேண்டும். அப்படி ஒரு 20-ஆம் தேதி சாயங்காலம், வேலூர் லாங் பஜாரில் ஒரு மளிகை மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். 3பி என்கிற மாதாந்திர ஜி.எஸ்.டி. படிவத்தைத் தாக்கல் செய்ய, கடைக்காரர் ஃபோனுக்கு ஓ.டி.பி. வந்தாக வேண்டும். வரவில்லை. மடியில் இருந்த லேப்டாப் வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மதியம் ஒரு மணிக்கு நூறு காட்டியது, ஐந்து மணிக்கு ஒன்பது.

"அண்ணா, ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா?"

"கீதே மா. ஆனா தராசு போட்டுக்கீறேன். அத்தப் புடுங்கினா யாவாரம் நின்னுடும்."

இன்னொரு பாயிண்டில் பில் மெஷின். மூன்றாவதில் சாமி படத்துக்குச் சீரியல் பல்பு. அதைக் கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாலு சதவீதத்தில் ஓ.டி.பி. வந்தது, மூன்றில் தாக்கல் முடிந்தது. இயந்திரம் அணைந்தபோது என் மூச்சும் கொஞ்ச நேரம் நின்றுதான் ஓடியது.

பெட்டியின் மேல் 12 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். நான் கண்டது நாலரை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன். அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பாதி சர்வீஸ் துணைமின் நிலையத்தில். பேட்டரி என்றால் எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். "நீ எப்பப் பாத்தாலும் ஒயரைக் கழட்டிக்கினே கீற. பேட்டரிய எப்பவும் ஃபுல்லா வெச்சுக்கணும் பாப்பா. சார்ஜ்லயே போட்டு வை."

பழைய லேப்டாப்புக்கு நான் செய்தது அதுவேதான். நாலு வருஷம், மேற்குச் சுவரை ஒட்டிய மேஜையில், இரவு பகல் பார்க்காமல் சார்ஜரோடு. ஒரு நாள் டச்பேட் அமுங்காமல் போனது. தூசு என்று நினைத்து ஊதிப் பார்த்தேன். பிறகு மூடியை மூடினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சத்துவாச்சாரியில் ரிப்பேர் பார்க்கிற தம்பி அடிமூடியைத் திறந்தவுடன் கையை எடுத்துவிட்டார். உள்ளே பேட்டரியின் வெள்ளிப் பொட்டலம் ஒன்று தணலில் காட்டிய சப்பாத்தி மாதிரி உப்பிப்போய், டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டு இருந்தது. "அக்கா, விரல் நகம்கூடப் படக்கூடாது" என்று சொல்லி, பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி எடுத்து, கடைக்கு வெளியே மணல் நிரப்பிய பெயிண்ட் பக்கெட்டில் கொண்டுபோய் வைத்தார். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி உப்பிய சங்கதி அது. குத்தினால் பற்றிக்கொள்ளும். மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடவே கூடாது.

அதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. அவருடைய பேட்டரி வேறு ஜாதி.

துணைமின் நிலையத்தில் ஒரு தனி அறை இருக்கும். 2 வோல்ட் செல்கள் 55, வரிசையாக, மொத்தம் 110 வோல்ட் டி.சி. மின்சாரம். வெளி லைனே போனாலும் பிரேக்கர் விழுந்தாக வேண்டும், ரிலே வேலை செய்தாக வேண்டும். அதற்கு இந்த 55 செல்தான் கதி. எல்லாம் ஈயமும் அமிலமும். மெல்லிய சார்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும், செல் எப்போதும் நிறைந்தே இருக்கும். கொஞ்சம் காலியாக விட்டுவைத்தாலும் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்பா அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு செல்லாகப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். சின்ன வயதில் டிஃபன் கேரியர் கொண்டுபோனபோது வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், அந்தப் புளித்த நெடி இன்னும் மூக்கில் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டருக்கும் அதே தர்மம்தான். ஆக, தமிழ்நாட்டில் 2010 வாக்கில் மணிக்கணக்கில் பவர் கட் பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் பேட்டரி பற்றிய முதல் பாடம் ஈயப் பேட்டரி கற்றுக்கொடுத்தது: நிறைத்து வை.

இரண்டாவது பாடம் பழைய நிக்கல் பேட்டரியினுடையது. புது லேப்டாப் கொடுத்த கடைப்பையன்கூட "மொதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க, அப்புறம் சுத்தமா இறங்கவிட்டு ஏத்துங்க" என்றான். நிக்கல்-காட்மியம் காலத்தில் பாதியில் ஏற்றினால் அது அந்தப் பாதியையே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பார்கள். இப்போது லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கு அந்த ஞாபகமெல்லாம் கிடையாது. சோனி 1991-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. சந்தைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கடைகளில் நிக்கல் காலத்து மந்திரமே ஓடிக்கொண்டிருக்கிறது.

லித்தியத்துக்கு நிறைந்து இருப்பதே பாரம். முழுதாக ஏறிய செல் 4.2 வோல்ட் அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே நிற்கும். அந்த வோல்டேஜில் உள்ளே வேண்டாத வினைகள் நடந்துகொண்டே இருக்கும். கூடவே சூடும் சேர்ந்தால் முடிந்தது கதை. பேட்டரி ஆட்கள் அடிக்கடி காட்டும் ஓர் அட்டவணை இருக்கிறது. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 80. 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 65. செல்லுக்குச் செல் இது மாறும் என்றாலும், அந்தக் கடைசி வரியைப் படித்தபோது என் மேற்குச் சுவர் மேஜைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அப்பாவிடம் விளக்கினேன். "உன்னுதுல எத்தினி செல்லு?" என்றார்.

"மூணு."

"மூணா? டார்ச் லைட்டா அது?"

இதில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். "பேட்டரி நிக்கவே மாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னால், இன்றைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்கிறாரா, எத்தனை வருஷம் உழைக்கும் என்கிறாரா என்று தெரியாது. முதலாவது செலவுக் கணக்கு. இரண்டாவது உடம்புக் கணக்கு. நான் முதலில் செலவைப் பார்த்தேன், என் தொழில் அது.

என் பேட்டரி 50 வாட்-ஹவர். ஒரு யூனிட் கரண்டில் இருபதில் ஒரு பங்கு. அதாவது ஒரு யூனிட்டை வைத்து இதை ஏறக்குறைய இருபது முறை நிரப்பலாம். 75 வாட் சீலிங் ஃபேனை இதில் மாட்டினால் 40 நிமிஷம் சுற்றும், அவ்வளவுதான். இதைச் சொன்ன பிறகுதான் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யூனிட் என்று சொன்னால் அவருக்கு ஒரு மரியாதை.

கணக்கு சுலபம். 50-ஐ எத்தனை வாட் இழுக்கிறதோ அதனால் வகுத்தால் மணி. நாலரை மணி ஓடியது என்றால் 11 வாட் இழுத்திருக்கிறது. 12 மணி வேண்டும் என்றால் நாலு வாட்டில் ஓட வேண்டும். பெட்டியில் போடுகிற கணக்கு பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து, இயந்திரத்திலேயே இருக்கும் வீடியோ ஒன்றை ஓடவிட்டு எடுப்பது. சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துக் காட்ட சிப்பிலேயே தனி இடம் இருப்பதால் அது சிக்கனமான வேலை. முப்பது டேப்பும் எக்செல்லும் வாட்ஸ்அப் வெப்பும் திறந்துவைத்திருக்கும் என்னைப் போன்ற ஜென்மங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேட்டரியில் இருந்து எத்தனை வாட் போகிறது என்று அந்தந்த நொடியில் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, நான் போட்டது எச்.டபிள்யூ.இன்ஃபோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சார்ஜரைக் கழற்றிவிட்டு, நானும் அப்பாவும் ஒன்றொன்றாக நிறுத்திப் பார்த்தோம். மெயின் ஸ்விட்சை இறக்கி லீக்கேஜ் தேடுகிற மாதிரி.

திரைதான் பெரிய திருடன். கடை வாசல் வெளிச்சத்தில் தெரியவேண்டும் என்று நூறில் வைத்திருந்தேன். நாற்பதுக்கு இறக்கியதும் 11 இருந்தது 8 ஆனது. மூன்று வாட், ஒரே ஒரு பட்டனில்! பிறகு மண்டியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்காராமல் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தேன், நாற்பதே போதுமாக இருக்கிறது. புது லேப்டாப்புகளில் திரை நொடிக்கு 120 முறை புதுப்பித்துக்கொள்கிறது. விளையாட்டுக்கு நல்லது, ஜி.எஸ்.டி. படிவத்துக்கு எதற்கு? டிஸ்ப்ளே அமைப்பில் போய் 60 ஆக்கினால் இன்னும் ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம்.

அடுத்து பவர் மோடு. வாங்கின நாளில் இருந்தே அது அதிகபட்ச வேகத்தில் இருந்தது, யார் வைத்தார்களோ. சிப் வேகம் கூட வேண்டுமென்றால் வோல்டேஜும் கூட வேண்டும், செலவு வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். இதை நான் படித்துச் சொல்ல, அப்பா "வி ஸ்கொயர் தானே" என்று அலட்சியமாக முடித்துவிட்டார். சிக்கன மோடில் வைத்த பிறகு எக்செல் திறக்க அரை நொடி கூடுதலாகிறதோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. கூடவே வந்த இலவச ஆன்டிவைரஸ் ஒன்று ஓயாமல் எதையோ நோண்டிக்கொண்டிருந்தது. விண்டோஸிலேயே ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று எடுத்துவிட்டேன். பிரவுசரில் பார்க்காத டேப்களைத் தூங்கவைக்கும் வசதியைப் போட்டுவிட்டேன். கடைசியில் 6 வாட்டில் வந்து நின்றது. எட்டு மணி நேரம்.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் எந்தப் புது லேப்டாப்பும் ஒழுங்காக நிற்காது. அப்டேட் இறக்கும், கிளவுடோடு ஃபைலைச் சமன் செய்யும், இருக்கிற எல்லாவற்றையும் படித்துத் தேடல் பட்டியல் போடும். புது வீட்டில் பால் காய்ச்சின வாரத்தில் கேஸ் எவ்வளவு செலவானது என்று கணக்கு போடக்கூடாது.

டார்க் மோடு போட்டால் மிச்சமாகும் என்று தம்பி பையன் அடித்துச் சொன்னான். ஓ.எல்.இ.டி. திரையில் மிச்சமாகும், கருப்பு இருக்கும் இடத்தில் விளக்கே எரியாது. என்னுடையது சாதா எல்.சி.டி., பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். முள்ளு நகரவில்லை. பேட்டரி சேவர் என்ற பெயரில் வரும் செயலிகளைப் பற்றி எழுதினால் வாய் கெட்டுப்போகும், விடுங்கள்.

இத்தனை செய்தும் ஒரு ஓட்டை இருந்தது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி கணக்கு பார்க்கிறேன். காலையில் 90 சதவீதத்தோடு மூடியை மூடி, பையில் போட்டு, ஸ்கூட்டரில் போனேன். போய்ச் சேர்ந்து, இன்வாய்ஸ் கட்டுகளைப் பிரித்து, டீ குடித்து, ஒன்றரை மணி நேரம் கழித்துப் பையைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அனல். 71 காட்டியது. யாரும் தொடாமலே 19 போயிருக்கிறது.

இப்போது வருகிற பல லேப்டாப்புகள் மூடினால் முழுசாகத் தூங்குவதில்லை. ஃபோன் மாதிரி அரைத்தூக்கம், உள்ளே வைஃபை, மெயில், அப்டேட் என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர். கோழித்தூக்கம் என்று நான் வைத்திருக்கிறேன். பைக்குள் காற்று கிடையாது, வெளியே வெயில், உள்ளே இது விழித்துக்கொண்டு வேலை பார்த்தால் என்ன ஆகும்? கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷனுக்குள் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்கிற இடத்தில் ஸ்லீப்பை எடுத்துவிட்டு ஹைபர்னேட் வைத்தேன். நினைவில் இருப்பதை எல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு அடியோடு அணைந்துவிடும். திறக்கும்போது பத்து பதினைந்து நொடி காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், நான் செய்ததில் திரை வெளிச்சத்துக்கு அடுத்து இதுதான் பெரிய காரியம். மணிக்கணக்கும் காப்பாற்றியது, சூட்டில் இருந்து செல்லையும் காப்பாற்றியது.

சூடு என்று வந்தாலே நம் ஊரைச் சொல்லாமல் முடியாது. மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். சாமி 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே வந்தது. மலை மட்டும் அப்படியே மொட்டையாக நிற்கிறது, பகலெல்லாம் வாங்கின வெயிலை ராத்திரி பத்து மணி வரை நமக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு. கத்திரியில் 42, 43 டிகிரி இங்கே செய்தியே இல்லை. ஆப்பிள் கம்பெனி தன் லேப்டாப்பை 10 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது. மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் மதியம் மூன்று மணிக்கு அந்த 35-ஐ எங்கே போய்த் தேடுவது?

மேஜையை வடக்குப் பக்கம் நகர்த்தினேன். லேப்டாப்பின் பின்பக்கம் பழைய வவுச்சர் கட்டு இரண்டை வைத்துத் தூக்கிவிட்டேன், அடியில் காற்று போக. மெத்தை மேல், தலையணை மேல் வைத்துச் சார்ஜ் போடுவதை நிறுத்தினேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்திப்போகும் பழக்கமும் போனது.

இரவில் சார்ஜ் போட்டுத் தூங்குவது எங்கள் வீட்டில் முன்பே நின்றுவிட்டது. 2022 மார்ச்சில் இங்கே அல்லாபுரத்தில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் ஒரு அப்பாவும் மகளும் போய்ச் சேர்ந்தார்கள். அது பெரிய பேட்டரி, லேப்டாப்போடு ஒப்பிட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று முதல் அப்பா படுக்கப் போகும் முன் வீடு முழுக்க நடந்து எல்லா ஸ்விட்சையும் அணைப்பார். அதில் நான் வாதம் செய்வதில்லை.

கடைசியாக 80 சதவீத வரம்பு. சார்ஜ் ஏறுவது 80 சதவீதத்தை ஒட்டி நின்றுகொள்ளும்படி வைக்கும் வசதி இப்போது பெரும்பாலான லேப்டாப்பில் இருக்கிறது. பெயர்தான் ஆளுக்கு ஒன்று. லெனோவோவில் கன்சர்வேஷன் மோடு, டெல்லில் பிரைமரிலி ஏ.சி. யூஸ், எச்.பி.யில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்பு) பேட்டரி ஹெல்த் மேனேஜர், ஆசுஸில் அதன் சொந்தச் செயலிக்குள் ஒரு பட்டன். வாங்கின அன்றே இதை யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். நாலரை மணி நேரமே நிற்காத பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடு என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் 6 வாட்டுக்கு வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. 80 சதவீதம் என்றால் 40 வாட்-ஹவர், ஆறே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. என் கடைச் சுற்றுக்கு அது போதும். செலவைக் குறைத்ததால்தான் உடம்பைப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

பேட்டரியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விண்டோஸே சொல்லும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தால் (ஆங்கில எழுத்தில்தான்) ஒரு அறிக்கை வரும். டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்தது, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இப்போது இருப்பது. பழைய லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் எடுத்திருந்த அறிக்கையில் முதலாவது 41,000 மில்லிவாட்-ஹவர், இரண்டாவது 17,000 சில்லறை. அப்பா அதைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார். "இத்த செல்லு வாரியா காட்டாதா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் மனசுக்குள் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

போன மாதம் 19-ஆம் தேதி ராத்திரி சாப்பிடும்போது அவர்தான் சொன்னார். "நாளைக்கு நம்ம ஃபீடர் ஷட்டவுன். காலைல ஒம்போதுல இருந்து சாயங்காலம் அஞ்சு." ஓய்வு பெற்றும் வாட்ஸ்அப் குழுவில் இருந்து விலகவில்லை மனிதர். 20-ஆம் தேதியில் மாதாந்திரப் பராமரிப்பு! இன்வெர்ட்டர் வயசானது, மூன்று ஃபேனும் வைஃபை பெட்டியும் ஓடினாலே நாலு மணிக்குக் கூவ ஆரம்பிக்கும், அதில் லேப்டாப்பையும் மாட்டச் சொல்ல முடியாது. காலை ஆறு மணிக்கு எழுந்து 80 வரம்பை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றினேன். வருஷம் முழுக்க 80-லேயே இருந்தால் சதவீதக் கணக்கு கொஞ்சம் தடம் மாறும், எப்போதாவது ஒருமுறை நிரப்பி இறக்கினால் அதுவும் சரியாகும் என்பதால் எனக்கு உறுத்தலும் இல்லை.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பத்து மணிக்கு அப்பா வந்து எட்டிப் பார்த்து "எவ்ளோ?" என்றார். சொன்னேன். பதினொன்றுக்கு மறுபடி. எதற்குக் கேட்கிறார் என்று மதியம் சாப்பாட்டுக்கு மூடியை மூடியபோதுதான் பார்த்தேன். பழைய டைரி ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். மேலே, துணைமின் நிலையப் பதிவேட்டில் எழுதுவாரே அதே சாய்ந்த கையெழுத்தில், 'செல் எண்ணிக்கை: 3'. அதற்குக் கீழே:

9.00 – 100
10.00 – 88
11.00 – 76
12.00 – 64
1.00 – 52
2.00 – 52 (உணவு, மூடி இருந்தது)

"தண்ணி ஊத்தற வேலையே இல்லயா இதுக்கு?" என்றார் சாயங்காலம். இல்லை என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு. ஐந்து மணிக்கு ஃபேன் வேகம் பிடித்தது. டைரியை எடுத்துக்கொண்டு வந்து, மேஜை ஓரத்தில் வைத்து, கடைசி வரியை எழுதினார்: 5.00 – சப்ளை நார்மல் – 16.